எரிமலைத் தீவில் ஆழ்பள்ளத்தைத் தாண்டும் சாலைப் பாலம்: எங்கே தொடங்குவது, எதைக் கணக்கிடுவது

கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும் எரிமலைத் தீவுகளில் ஆறுகள் குட்டையானவை, சரிவு கடுமையானது. மழைநீர் பாறையைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டே கடலுக்கு இறங்குகிறது. 200 மீட்டர் அகலம், 150 மீட்டர் ஆழம் என்ற அளவில் ஒரு பள்ளம் கரையோரச் சாலையை வெட்டி நிற்பது அங்கே சாதாரணம். இறங்கி ஏறினால் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள்; நேராகத் தாண்டினால் அரை நிமிடப் பயணம்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பாலம் வரையும்போது நடுவிலிருந்து தொடங்குவது வழக்கமாக நடக்கும் பிழை. இடைவெளி இவ்வளவு, ஆகவே இந்த வகைப் பாலம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற அடித்தளத்தைக் கரையில் தேடுவார்கள். வரிசை இதற்கு நேரெதிராக இருக்க வேண்டும். முதலில் இரண்டு கரைகள், அடுத்து தண்ணீரும் காற்றும், அதன்பின் எப்படிக் கட்டப் போகிறோம் என்பது. இவை மூன்றும் தெளிந்தால் பாலத்தின் வடிவம் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

கீழே வரும் கணக்குகள் 11.5 மீட்டர் அகல இருவழிப் பாலத்துக்கானவை. முதல் கட்ட வடிவமைப்புக்குப் போதுமானவை. இறுதிக் கணக்கு அந்தந்த நாட்டு விதித்தொகுப்பின்படிதான்.

கரையைப் படிப்பது

எரிமலைத் தீவின் பாறைச்சுவர் தூரத்திலிருந்து ஒரே கருங்கல்லாகத் தெரியும். உள்ளே அது அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் நடுவில் கெட்டியான பசால்ட். அதன் மேலும் கீழும் நொறுங்கி, ஓட்டை ஓட்டையாக உறைந்த கசடு. இந்தக் கசட்டை ஸ்கோரியா என்பார்கள். இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் சில இடங்களில் சுட்ட செங்கல் நிறத்தில் ஒரு களிமண் படலமும் இருக்கும். அது பழைய மேல்மண். புது லாவா மேலே ஓடியபோது வெந்தது. தண்ணீர் அதன்மேல் தேங்கி நிற்கும், சரிவும் அதில்தான் வழுக்கும்.

கெட்டி பசால்ட்டின் நொறுங்கு வலிமை 100 மெகாபாஸ்கலைத் தாண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அடித்தளத்தின் நடத்தையைத் தீர்மானிப்பது, அதற்கு ஐந்து மீட்டர் கீழே கிடக்கும் கசட்டு அடுக்கு.

இத்தகைய பள்ளத்துக்குப் பெரும்பாலும் வருவது, தளத்தைக் கீழிருந்து தாங்கும் வில் போன்ற வளைவு. அதன் பாதம் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது நான்கு துளைகள் போடுங்கள். அவற்றில் இரண்டு பள்ளத்தின் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்கு இணையாக ஓடும் செங்குத்து விரிசல்களை நேர்த்துளை தொடாமலே போய்விடும். ஆழம், அடித்தளத்துக்குக் கீழே அதன் அகலத்தின் இரண்டரை மடங்கு. பாறை மாதிரியை (கோர்) வெளியே எடுக்கும் குழாய் மூன்றடுக்காக இருப்பது கட்டாயம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாதாரணக் குழாயில் துளைநீர் கசட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். பெட்டியில் பசால்ட் துண்டுகள் மட்டும் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். கோர் கிடைக்காத அந்த ஒன்றிரண்டு மீட்டரைப் பற்றித்தான் நமக்குத் தெரிய வேண்டும். துளைக்குள் கேமரா இறக்கிப் பார்த்தால் விரிசலின் திசையும் சாய்வும் படமாகக் கிடைத்துவிடும்.

துளைச்சுவரை உள்ளிருந்து அழுத்தி விரித்துப் பார்க்கும் விரிவழுத்தச் சோதனை செய்து, பாறைத் திரளின் மீள்மை எண்ணை, அதாவது அதன் விறைப்பை, நேரடியாக அளவிடுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லும். 6 மீட்டர் அகல அடித்தளம் 1.3 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம். கீழே 5,000 மெகாபாஸ்கல் எண் கொண்ட பசால்ட் இருந்தால் அது அமுங்குவது ஒன்றரை மில்லிமீட்டருக்குள். கீழே 300 மெகாபாஸ்கல் கசடு இருந்தால் 20 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக்கூடும். ஆகவே பாதத்தின் மட்டத்தை வரைபடத்தின் அழகு முடிவு செய்யக் கூடாது. எந்த அடுக்கில் உட்கார்கிறோம் என்பதே முடிவு செய்ய வேண்டும். வளைவின் பாதத்தை மூன்று மீட்டர் மேலே ஏற்றினால் நல்ல அடுக்கு கிடைக்கும் என்றால் ஏற்றிவிடுங்கள்.

லாவா சுரங்கங்கள் இன்னொரு ஆபத்து. மேலே உறைந்த கூரைக்குக் கீழே லாவா வடிந்து போனதால் உண்டான குழாய்க் குகைகள் இவை. நான்கு துளைகளில் தப்பிவிடக்கூடியவை. அடித்தள மேடையை வெட்டி முடித்தபின், 2 மீட்டருக்கு ஒன்று என்ற கட்டத்தில் 12 மீட்டர் ஆழத்துக்கு விரைவுத் துளைகள் போட்டுப் பாருங்கள். துளைக்கருவி திடீரென்று தானாக இறங்கினால் அங்கே வெற்றிடம். அதை நிரப்புவதற்கான கான்கிரீட்டை மதிப்பீட்டிலேயே தனி இனமாகச் சேர்த்துவிட வேண்டும்; பின்னால் கேட்டால் வேலை நின்றுபோகும்.

அடுத்தது சுவரின் நிலைத்தன்மை. கயிற்றில் இறங்கி விரிசல்களை அளந்து, தளச்சரிவு (ஒரே விரிசல் வழியே வழுக்குவது), ஆப்புச்சரிவு (இரு விரிசல்களுக்கு நடுவே ஆப்பாக வழுக்குவது), கவிழ்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பசால்ட் தூண்தூணாக வெடித்திருக்கும் இடங்களில் கவிழ்தல்தான் முதல் சந்தேகம். கீழே கசடு அரிபட்டு மேலே கெட்டிப்பாறை தொங்கிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை, அது ஒருநாள் விழும். பாலத்தின் சுமையோடு சேர்த்துப் பாதுகாப்பு எண் (தாங்கும் விசை ÷ சரியவைக்கும் விசை) சாதாரண நிலையில் 1.5, நிலநடுக்க நிலையில் 1.1 முதல் 1.2 வரையாவது வர வேண்டும். வராவிட்டால் இரண்டு வழிகள்: பாறை ஆணிகள், வடிகால் துளைகள், தெளிப்புக் கான்கிரீட் என்று சுவரைக் கட்டிப்போடுவது, அல்லது பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி நடுவீச்சை, அதாவது பாதங்களுக்கு இடையிலான தூரத்தை, கூட்டுவது. இரண்டாவதில் பாலத்தின் விலை ஏறும். ஆனாலும் ஐயம் இருக்கும் சுவரில் அதுதான் சரி. ஆணி துருப்பிடிக்கும், வடிகால் துளை அடைபடும். பின்வாங்கிய அடித்தளத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை.

மேடை வெட்டும்போது பெரிய வெடி வைக்காதீர்கள். ஓரத்தில் நெருக்கமாகத் துளையிட்டு முன்கூட்டியே பிளந்துவிட்டு, உள்ளே சிறு சிறு வெடிகளாகவோ இயந்திர உளியாலோ எடுக்க வேண்டும். வெடி அதிர்வில் திறந்துகொண்ட விரிசல் நீங்கள் வரைந்த படத்தில் இருக்காது.

தண்ணீர்

ஆழமான பள்ளம்தானே, வெள்ளம் எப்படி 150 மீட்டர் ஏறும் என்று தோன்றும். ஏறாது. ஆனால் அடியில் ஒரு தூண் வைக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வைப்பது அதே வெள்ளம்தான்.

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது, 2007 பிப்ரவரியில் கமீட் புயலின்போது 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. இரண்டும் உலகச் சாதனைகள். அந்த 2007 புயலில்தான் அத்தீவின் செயின்ட் எத்தியென் ஆற்றுப் பாலம் இடிந்தது. தீவு ஆற்றின் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு அதிகம். மழை தொடங்கிச் சில மணி நேரத்தில் வெள்ளம் உச்சத்தைத் தொடும், கூடவே லாரி அளவு பாறைகளை உருட்டி வரும். அடியில் நிற்கும் தூணின் அடித்தளத்தை அது அரிக்கும், தூணை மோதும். 140 மீட்டர் உயரத் தூணில் கீழே விழும் ஒரு மோதலுக்கு என்ன நடக்கும் என்பதைக் கணக்கிடுவதைவிட, அங்கே தூணே வைக்காமல் இருப்பது மேல்.

அதே தீவின் பள்ளங்களைத் தாண்டிய பாலங்கள் இந்தப் பாடத்தைத்தான் காட்டுகின்றன. 2002இல் திறந்த பிரா த லா பிளேன் பாலம் 281 மீட்டரை ஒரே வீச்சில் தாண்டுகிறது. மேலும் கீழும் கான்கிரீட் பலகைகள், நடுவே சாய்ந்த எஃகு உறுப்புகள் என்ற கலப்பு அமைப்பு. இரு கரைகளிலும் கனத்த எதிர்எடையில் பதித்து நீட்டியவை. 2009இல் திறந்த தமரேன் நெடுஞ்சாலையில் உள்ள கிராந்த் ரவீன் பாலம் 288 மீட்டர் நீளம். சுமார் 170 மீட்டர் ஆழப் பள்ளத்தின் அடியில் எதையும் ஊன்றாமல், கரைகளிலிருந்து சாய்ந்து எழும் இரண்டு கான்கிரீட் கால்கள், வண்டி ஓடும் எஃகுத் தளத்தைத் தாங்குகின்றன. கானரித் தீவுகளில் லா பால்மாவின் லாஸ் தீலோஸ் பாலம் 255 மீட்டர் கான்கிரீட் வளைவு, 2004இல் முடிந்தது. மூன்றும் மூன்று வடிவம். பள்ளத்தின் அடியில் தூண் இல்லை என்பது மூன்றுக்கும் பொது.

காற்று

கடற்காற்று பள்ளத்தின் வாயில் நுழைந்து மலையை நோக்கி ஏறும்போது வேகம் கூடும், மேல்நோக்கியும் சாயும். விமான நிலையத்தில் அளந்த காற்றுத் தரவை எடுத்து இங்கே பொருத்தினால் பிழை வரும். இரு கரைகளிலும் தள மட்டத்தில் காற்றளவிகளை நிறுத்தி, குறைந்தது ஓராண்டு, ஒரு புயல் பருவமாவது அளவெடுங்கள். அதை விமான நிலையத்தின் நீண்டகாலத் தரவோடு ஒப்பிட்டு விகிதம் காணுங்கள். கிடைமட்ட வேகம் மட்டும் போதாது, செங்குத்துச் சாய்வும் வேண்டும்.

காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: சதுர மீட்டருக்கு நியூட்டனில், 0.613 × வேகம் × வேகம். வினாடிக்கு 50 மீட்டர் என்றால் சுமார் 1.5 கிலோநியூட்டன், 70 மீட்டர் என்றால் 3. வேகத்தில் நாற்பது சதவீதப் பிழை அழுத்தத்தில் இரட்டிப்பாகிறது.

மிதமான காற்றையும் மறக்கக் கூடாது. தளத்தின் பின்னால் மாறி மாறிச் சுழல் கிளம்பும் வேகம், தளத்தின் அதிர்வெண்ணோடு இணைந்தால் பாலம் ஆடத் தொடங்கும். உதாரணமாக, அதிர்வெண் 0.5 ஹெர்ட்ஸ், தள உயரம் 2.5 மீட்டர், ஸ்ட்ரூஹால் எண் (காற்றின் வேகத்தையும் சுழல் கிளம்பும் வேகத்தையும் இணைக்கும் எண்) 0.1 என்றால், வினாடிக்கு 12.5 மீட்டர் காற்றே போதும். அந்தக் காற்று தீவில் வாரந்தோறும் வீசும். தளத்தின் ஓரங்களுக்குச் சாய்வான முகம் கொடுத்து, துண்டு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரும் மாதிரியில் இருக்கட்டும். மூடிய கைப்பிடிச் சுவர் முடிவையே மாற்றிவிடும்.

வடிவம்: வளைவு ஏன் அடிக்கடி வெல்கிறது

இரு கரைகளிலும் நல்ல பாறை இருந்தால் தளத்துக்குக் கீழே நிற்கும் வளைவுதான் இயல்பான விடை. வளைவு தன் பாதங்களை வெளிப்பக்கம் தள்ளும்; பள்ளத்தின் சுவரே அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளும். கேபிள் பாலம் 300 மீட்டருக்குக் கீழே உப்புக்காற்றுத் தீவில் பொதுவாகத் தேவையற்ற சுமை. கேபிளும் நங்கூரமும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு கேட்பவை, மாற்றுவதற்கு வெளியிலிருந்து ஆளும் கருவியும் வர வேண்டும். கரைச்சுவர் தள்ளலைத் தாங்காது, ஆனால் விளிம்பிலிருந்து பின்னால் நல்ல நிலம் இருக்கிறது என்றால் பிரா த லா பிளேன் போல எதிர்எடையில் பதித்த நீட்டல் அமைப்பைப் பாருங்கள்.

வளைவு என்றால் கணக்கு இப்படிப் போகும். வீச்சு 240 மீட்டர், உயரம் வீச்சில் ஐந்தில் ஒன்று, அதாவது 48 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

கான்கிரீட் பலகையும் எஃகு உத்தரங்களும் சேர்ந்த கலப்புத் தளம், தார்ப்பூச்சு, கைப்பிடிச் சுவர் எல்லாம் மீட்டருக்கு 125 கிலோநியூட்டன். வளைவின் மேல் நிற்கும் தூண்கள் 20. வளைவு 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட உள்ளீடற்ற பெட்டி, சுவர்த் தடிமன் 30 செ.மீ.; வெட்டுப் பரப்பு 5 சதுர மீட்டர், சரிவையும் சேர்த்தால் மீட்டருக்குச் சுமார் 140. ஆக மொத்தம் 285.

கிடைத்தள்ளல் = எடை × வீச்சு × வீச்சு ÷ (8 × உயரம்). 285 × 240 × 240 ÷ 384 = 42,750 கிலோநியூட்டன். பாதத்தில் செங்குத்துச் சுமை 285 × 120 = 34,200. இரண்டும் சேர்ந்த விசை சுமார் 54,700. கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 39 பாகைச் சாய்வில் பாறைக்குள் இறங்குகிறது. அடித்தளத்தின் அடிமுகத்தையும் இந்தச் சாய்வுக்குச் செங்குத்தாக வெட்டுங்கள்; கிடைமட்டமாக வெட்டினால் வழுக்குவதைத் தடுக்கவே தனியாகக் கான்கிரீட் போட வேண்டிவரும். வண்டிச் சுமை மீட்டருக்கு 40 கிலோநியூட்டன் சேர்த்தால் 62,400. 8 × 6 மீட்டர் அடித்தளத்தில் அழுத்தம் 1.3 மெகாபாஸ்கல். மேலே அமுங்கல் கணக்கில் எடுத்துக்கொண்ட எண் இதுதான்.

வளைவின் உச்சியில் நிலைச்சுமை (பாலத்தின் சொந்த எடை) தரும் அழுத்தம் 42,750 ÷ 5.04, அதாவது 8.5 மெகாபாஸ்கல். குறைவாகத் தெரிகிறதே, பெட்டியை மெலிதாக்கலாமா என்று கேட்பார்கள். வண்டிகள் பாதிப் பாலத்தில் மட்டும் நிற்கும் நிலையைப் பாருங்கள். அப்போது கால் வீச்சில் பெட்டியை வளைக்கும் திருப்பம் தோராயமாக 40 × 240 × 240 ÷ 64 = 36,000 கிலோநியூட்டன்-மீட்டர். இந்தப் பெட்டியில் அது கொடுக்கும் தகைவு கூட்டலும் கழித்தலுமாக 7.4 மெகாபாஸ்கல். 8.5இல் 7.4 போனாலும் அமுக்கம் மிஞ்சுகிறது, இழுவை வரவில்லை. இந்த அளவுக்காகத்தான் பெட்டி 3 மீட்டர் உயரம். முழுச்சுமை தள்ளலைத் தீர்மானிக்கும், அரைச்சுமை பெட்டியின் உயரத்தைத் தீர்மானிக்கும்.

பெட்டியின் அகலத்தைத் தீர்மானிப்பது காற்றும் பக்கவாட்டு நெளிவும் (அமுக்கத்தில் வளைவு பக்கவாட்டில் வளைந்து போவது). நேரியல் நெளிவுக் கணக்கில் மொத்தச் சுமையின் நான்கு மடங்குக்குக் கீழேயே வளைவு நெளிந்தால் அகலத்தைக் கூட்டுங்கள், அல்லது பாதத்தை நோக்கி விரித்துக்கொண்டு போங்கள். அதன்பின் கட்டுமானப் பிழையையும் ஊர்வையும் (நீடித்த சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்லச் சிதைந்து கொடுப்பது) சேர்த்து, வளைந்த வடிவத்தையே வைத்துப் போடும் இரண்டாம் படிக் கணக்கு போட்டே முடிவெடுக்க வேண்டும்.

உயரத்தைக் குறைத்துத் தட்டையான வளைவு வரைய ஆசை வரும்; படத்தில் நளினமாக இருக்கும். அதற்கான விலையைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில், பாதங்கள் மொத்தம் 10 மி.மீ. விலகினால் உச்சி சுமார் 12 மி.மீ. இறங்கும். பத்தில் ஒரு பங்கில் அதே விலகலுக்கு 23 மி.மீ. தள்ளலும் இரட்டிப்பாகிவிடும். கசட்டுப் பாறை கலந்த கரைக்குத் தட்டை வளைவு பொருந்தாது.

வெப்பத்துக்கும் ஊர்வுக்கும் தனியாக ஒரு வரி. 15 பாகை வெப்பமாற்றத்தில் இந்த வளைவின் உச்சி ஏறக்குறைய 50 மி.மீ. ஏறி இறங்கும். அமுக்கம், ஊர்வு, சுருக்கம் மூன்றும் சேர்ந்து பல ஆண்டுகளில் உச்சியை 20 செ.மீ. வரை இறக்கக்கூடும். அதை வார்க்கும்போதே மேல்நோக்கி ஏற்றிவைக்க வேண்டும். விட்டுவிட்டால் தளத்தின் நடுவில் குழி விழுந்து மழைநீர் தேங்கும்.

உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டைத் தூண்கள் தனிக் கவனம் கேட்பவை. நீளமான தூண் வளைந்து கொடுக்கும். குட்டைத் தூண் விறைப்பாக நின்று நிலநடுக்க விசையையும் வெப்ப நகர்வையும் தானே இழுத்துக்கொண்டு வெடிக்கும். அவற்றின் தலையில் நகரும் பேரிங் வையுங்கள், அல்லது உச்சியில் தளத்தை வளைவோடு இணைத்து அந்தத் தூண்களையே நீக்கிவிடுங்கள்.

கட்டும் முறையை இப்போதே முடிவு செய்யுங்கள்

150 மீட்டர் ஆழத்தில் கீழிருந்து சாரம் எழுப்ப முடியாது. வளைவை இரு கரைகளிலிருந்தும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போய் நடுவில் சேர்ப்பது பரவலான முறை. நகரும் அச்சுவண்டி 5 மீட்டர்த் துண்டை வார்க்கும். வார்த்த பகுதியைத் தற்காலிகக் கேபிள்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடிப்பு எவ்வளவு? பாதி வளைவு முழுதாக நீண்டு நிற்கும்போது பாதத்தைச் சுற்றிய திருப்பம் 140 × 120 × 120 ÷ 2, சுமார் 10 லட்சம் கிலோநியூட்டன்-மீட்டர். கேபிள்களின் நெம்புதூரம் 50 மீட்டர் என்றால் ஒவ்வொரு கரையிலும் 20,000 கிலோநியூட்டன் இழுவை, அதாவது 2,000 டன். 30 பாகைச் சாய்வில் பாறைக்குள் இறங்கும் நங்கூரங்களுக்கு 23,000. 15.2 மி.மீ. இழைகள் 12 கொண்ட நங்கூரம் ஒன்றுக்கு 1,500 என்று வைத்தால் கரைக்குப் பதினாறு. ஒவ்வொன்றையும் வேலைச் சுமையின் 1.25 மடங்காவது இழுத்துச் சோதித்த பிறகே துண்டு வார்க்கத் தொடங்க வேண்டும். கசட்டில் கிரவுட் (துளையில் ஊற்றும் சிமென்ட் கூழ்) பிடிக்காமல் வழிந்து ஓடிவிடும் என்பதால், நங்கூரத்தின் பிடிநீளம் முழுவதும் கெட்டி பசால்ட்டில் அமைய வேண்டும். முதலில் கிரவுட் ஊற்றி, இறுகியபின் மறுபடி துளையிட்டு நங்கூரம் இறக்குவது அங்கே வழக்கமான வேலைதான். இந்த நங்கூரங்களின் இடம் கரை ஆய்விலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்பது இப்போது புரியும். பாதத்துக்கு மட்டும் துளை போட்டுவிட்டு, பின்னால் அறுபது மீட்டர் தள்ளி என்ன பாறை என்றே தெரியாமல் 2,000 டன்னை அதில் தொங்கவிடுவது பெரும் தவறு.

காலக் கணக்கு: வளைவின் நீளம் 264 மீட்டர், பாதி 132; 5 மீட்டர்த் துண்டாக 27. வாரத்துக்கு ஒன்று என்றால் 27 வாரம், ஆறு மாதத்துக்குச் சற்று மேல். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மீதம் இருப்பதும் ஆறே மாதம். ஆகவே பாதங்களையும் முதல் ஐந்தாறு துண்டுகளையும் புயல் பருவத்திலேயே முடித்துவிட்டு, மே மாதத்தில் நீட்டத் தொடங்கி, அக்டோபருக்குள் சேர்த்துவிடும்படி திட்டமிடுங்கள். சேராத அரைவளைவு தன் முழு நீளத்தில் புயலைச் சந்திப்பதுதான் இந்தப் பாலத்தின் வாழ்நாளிலேயே மிக ஆபத்தான நிலை. காலம் பிந்தினால் என்ன செய்வது என்பதையும் வரைபடத்திலேயே காட்டுங்கள்: எந்தத் துண்டோடு நிறுத்துவது, பக்கவாட்டுக் கேபிள்களை எங்கே கட்டுவது, அச்சுவண்டியை எவ்வளவு பின்னிழுப்பது.

நடுவில் சேர்ப்பது விடியலுக்கு முன். வெயில் பட்டால் மேல்பக்கம் நீண்டு முனைகள் இறங்கும். அளவு மணிக்கு மணி மாறும். மூன்று நாள் தொடர்ந்து அதிகாலை அளந்து, இரு முனைகளின் வித்தியாசம் 20 மி.மீ.க்குள் இருந்தால் எஃகுத் தாழ் போட்டுப் பூட்டிவிட்டு உச்சித் துண்டை வார்க்கலாம். பூட்டும் முன் ஜாக்கி வைத்து இரு பாதிகளையும் வெளிப்பக்கம் தள்ளினால், பின்னால் வரப்போகும் சுருக்கத்தில் ஒரு பகுதியை இப்போதே ஈடுகட்டிவிடலாம்.

தீவுக்கே உரிய இன்னொரு கட்டுப்பாடு, பொருள் வந்து சேரும் வழி. எஃகு உத்தரத்தின் துண்டு நீளத்தைத் துறைமுகக் கிரேனின் திறனும், வேலையிடம்வரை வரும் சாலையின் மிகக் கடுமையான திருப்பமும் முடிவு செய்யும். 12 மீட்டருக்கு மேல் போகாமல் வரைந்தால் சாதாரண லாரியே போதும். கான்கிரீட் ஆலை ஒன்றே ஒன்று என்றால் வேலையிடத்தில் மாற்று ஆலை வேண்டும்; பாதி வார்த்த பெட்டிச்சுவர் நின்றுபோனால் அந்த இணைப்பு கடைசிவரை பலவீனம்தான்.

கான்கிரீட்டும் உப்பும்

கடல் 150 மீட்டர் கீழே இருந்தாலும் பள்ளத்தின் வழி ஏறும் காற்று உப்பைத் தளம்வரை கொண்டுவரும். கம்பியின் மேல் கான்கிரீட் கவர் 50 மி.மீ., தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40க்கு மேல் போகக் கூடாது, சிமென்ட்டில் பாதியாவது இரும்பு ஆலைக் கசடுத்தூளாக (எரிமலைக் கசடு அல்ல) இருந்தால் உப்பு உள்ளே நகர்வது வெகுவாகக் குறையும். துருத்தடுப்பு எஃகு, அதாவது துருவே பாதுகாப்புப் படலமாகும் வகை, இங்கே உதவாது. உப்பு படிந்த இடத்தில் அந்தப் படலம் இறுகாமல் உரிந்துகொண்டே இருக்கும். துத்தநாக அடிப்பூச்சோடு மூன்றடுக்கு வண்ணம், மொத்தம் 320 மைக்ரான் அளவில். கூர்மையான விளிம்புகளைத் தேய்த்து உருட்டிவிட்டே பூச வேண்டும்; வண்ணம் முதலில் விட்டுப்போவது அங்கேதான்.

உள்ளூர் பசால்ட் ஜல்லியைப் பயன்படுத்துவது நல்லது. ஆனால் கண்ணாடித்தன்மை கொண்ட எரிமலைக்கல் சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து வீங்கக்கூடும். வினைச் சோதனை செய்யாமல் ஒரு லாரிகூட ஏற்கக் கூடாது. ஓட்டைக்கல் கலந்த ஜல்லியில் மீள்மை எண் குறையும், ஊர்வு கூடும். புத்தகத்து எண்ணை வைத்து உச்சியின் ஏற்றத்தைக் கணக்கிட்டால் தவறிவிடும் என்பதால், உண்மையான கலவையில் உருளைகள் வார்த்து அளந்து, அந்த எண்ணைக் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியில் விட்டுப்போகிறவை

தளத்தில் விழும் மழைநீரைக் குழாயில் பிடித்து, கரைச்சுவரிலிருந்து தள்ளி இறக்குங்கள். வடிகால் துளையைத் திறந்துவிட்டால் அந்த நீர் காற்றில் பறந்து வளைவின் பாதத்துக்கு மேலே உள்ள பாறையில் விழும். கசட்டைக் கரைத்து, விரிசலை நிரப்பி, வெட்டிய சுவரைத் தள்ளும். நீளவாக்கில் 2 சதவீதச் சரிவாவது தளத்துக்கு வேண்டும்.

வளைவின் பெட்டிக்குள் ஆள் நுழையும் கதவு, விளக்கு, பாதத்தருகே ஏணி வையுங்கள். பெட்டியின் தாழ்ந்த முனையில் ஒரு வடிதுளையும் அவசியம். ஒவ்வொரு பேரிங்கின் பக்கத்திலும் ஜாக்கி நிறுத்த இடம் விட்டு, அங்கே கூடுதல் கம்பியும் கொடுங்கள். கரைத்தாங்கிக்கு மேலே உள்ள மலைச்சரிவிலிருந்து கல் உருளுமானால் அதற்கான வலை பாலத்தின் மதிப்பீட்டிலேயே அடங்கட்டும்.

வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன் இரு பாதங்களிலும், உச்சியிலும், கால் வீச்சுகளிலும் அளவுப் புள்ளிகள் பதித்து முதல் அளவை எடுத்துவிடுங்கள், அதுவும் அதிகாலையில். அன்றைய கான்கிரீட்டின் வெப்பநிலையைப் பக்கத்தில் குறித்து வைக்காவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து உச்சி 30 மி.மீ. இறங்கியிருப்பதைப் பார்ப்பவருக்கு அது குளிரா, பாதம் நகர்ந்ததா என்று பிரித்தறிய வழி இருக்காது.